முன் சீட்டு முறை

பெரியகுளம்
11.7.2004

அன்புத் தங்கை சுப்புத்தாய்க்கு,

அக்கா நாகஜோதி எழுதுகிறேன். நானும் இவரும் சுகம். பாப்பாவுக்குத்தான் சளி இறங்கவில்லை. தூங்கும்போதுகூட நெஞ்சில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விடுதித் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? முடி கொட்டினால் சொல், எண்ணெய் காய்ச்சி அனுப்புகிறேன்.

சித்தி போனில் ஒரே பூரிப்பு. "எம் மகளும் ஒன்னய மாதிரி எம்மெஸ்ஸி படிக்கப் போறாத்தா, அதே காலேசுல, அதே தாவரவியல்ல" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான்.

கர்ணன் சார் நேற்று நம் உரக்கடைக்கு வந்திருந்தார். அவர் வீடு அடுத்த தெருவில்தானே. "ஒங்க கொழுந்தியா எங்க டிபார்ட்மெண்டுக்கே வந்திருச்சே பாண்டி" என்றாராம். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவரே சார்தான் என்பது உனக்குத் தெரியும். பெண் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை, மாப்பிள்ளைக்கு மாலை போட மச்சினன் இல்லை என்று என் மாமியார் முகம் சுளித்தபோது அவரே அண்ணன் முறையில் நின்று மாலை போட்டார். "தங்கமான பிள்ளை, நான் பொறுப்பு" என்று அவர் சொன்ன வார்த்தையில்தான் இந்த வீட்டுப் படி ஏறினேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மலைத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் நாட்களில் கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள். ஏறுவதற்கு முன்பே வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிடு. பின்னால் உட்கார விடுவார்கள். நீ சுருளிப்பட்டிக்காரி, மலை வண்டியில் பழகியவள், உனக்கு வாந்தி வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்.

கடிதத்தைக் கடை விலாசத்துக்கே போடு. இவர் கொண்டு வந்து, பிரித்து வாசித்துக் காட்டுவார். பாப்பா மடியில் இருந்தால் எனக்குக் கை ஒழிவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா,
நாகஜோதி

*

பெண்கள் விடுதி
22.8.2004

அன்புள்ள அக்காவுக்கு,

சுப்பு எழுதுவது. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. பாப்பாவின் சளி விட்டதா? எனக்கு இங்கே சோறு பரவாயில்லை, சாம்பார்தான் எந்தக் காய் போட்டாலும் ஒரே ருசி. அறைத்தோழி ஜெபராணி ஊறுகாய் வைத்திருப்பதால் பிழைத்துக் கிடக்கிறேன்.

புதனும் சனியும் மலைத்தோட்டம். ஜீப்பை ஓட்டுவது சுருளியாண்டி அண்ணன். அந்தப் பக்கக் கதவோரம் கர்ணன் சார். நடுவில் கியர் கம்பியை ஒட்டி ஒரு பெண். மற்றவர்கள் எல்லாம் பின்னால். சேர்ந்த முதல் வாரமே சீனியர் அக்காமார் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முன் சீட்டில் யார் என்றைக்கு என்று முறை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நம் வாய்க்காலில் வயலுக்கு வயல் முறைத்தண்ணீர் விடுவார்களே, அதே மாதிரி. "ஒருத்தி மேலயே விழக் கூடாதுல்ல, அதான்" என்றாள் ஒரு அக்கா. என்ன விழும் என்று கேட்டேன்.

"போயிட்டு வா, தெரியும்."

போய்விட்டு வந்தேன், தெரிந்தது. மாமா வாசித்துக் காட்டுவார் என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை. இறங்கி வந்ததும் அன்றைக்கு முறை வந்தவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம். குளியலறையை முதலில் அவளுக்கு விட்டுவிடுவோம். சொல்லி வைத்துச் செய்வதில்லை, அதுவும் முறையில் சேர்ந்துவிட்டது.

நீ சொன்னபடி எலுமிச்சம்பழத்தைக் காட்டி, வாந்தி வருகிறது என்றேன். சார் சிரித்தார். "ஒங்க அக்காளும் இதேதான் சொல்லும். முன்னாடி ஒக்காந்தா வராது, ஏறு."

அக்கா, உன் காலத்திலும் முறை இருந்ததா?

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
சுப்பு

*

பெரியகுளம்
3.10.2004

அன்புள்ள சுப்புவுக்கு,

பதில் தள்ளிப்போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கிறோம். பாப்பாவுக்கு மேல் வரிசையில் பல் முளைக்கிறது. கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். போன வாரம் கடையிலிருந்து இவர் கொண்டுவந்த பையின் ஓரத்தை வாயில் வைத்துவிட்டாள். பூச்சிமருந்துப் பையோ என்று தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பயந்துபோனார். "பிள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா, ஒங்களுக்குத்தான் மருந்து எழுதணும்" என்றார்.

மாங்காய் வடு ஊறுகாய் ஒரு ஜாடி வைத்திருக்கிறேன். பெரியகுளம் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். ஜெபராணிக்கும் கொடு. நன்றாகப் படி. தாவர வகைப்பாட்டில் நான் எழுதிய குறிப்புகள் பரணில் கிடக்கின்றன.

தோட்டத்துக்குப் போகும்போது கனமான துப்பட்டாவாகப் போட்டுக்கொள். பை மடியில் இருக்கட்டும். செடி அமுக்கும் பலகையை உனக்கும் கதவோரத்துக்கும் நடுவில் நிறுத்தி வை. செக்போஸ்ட் தாண்டி மரம் மூடிய வளைவுகள் முடிகிற வரைக்கும்தான். அதற்கப்புறம் தோட்டத்து ஆட்கள் நடமாட்டம் வந்துவிடும்.

வேறு விசேஷம் இல்லை. பாப்பா அழுகிறாள்.

அக்கா,
நாகஜோதி

*

பெண்கள் விடுதி
21.10.2004

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவின் பல்லுக்கு என் முத்தம். நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது வேறொன்று. ஆனால் மரம் மூடிய வளைவுகளைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லையே அக்கா.

மாமா வாசிக்கட்டும், இனி மறைக்க ஒன்றுமில்லை. சனிக்கிழமை ஜெபராணியின் முறை. அவளுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதில் நான் ஏறினேன். பலகையை நிறுத்தினேன். அவர் அதை எடுத்துப் பின்னால் கொடுத்துவிட்டார். அந்த வளைவில் அவர் கை வந்த இடத்தை நான் எழுத மாட்டேன். "வண்டிய நிப்பாட்டுங்கண்ணே" என்று கத்தினேன். சுருளியாண்டி அண்ணன் நிறுத்திவிட்டார். இறங்கி, செக்போஸ்ட் வரைக்கும் நடந்து, ஏலத்தோட்டத்துக் கூலிப் பெண்களின் ஜீப்பில் கீழே வந்தேன்.

திங்கட்கிழமை புகார் எழுதிக் கொடுத்தேன். பெண்கள் புகார் சொல்ல ஒவ்வொரு கல்லூரியிலும் குழு இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து எப்போதோ சுற்றறிக்கை வந்திருக்கிறது. நம் கல்லூரியிலும் இருக்கிறதாம். வேதியியல் சாராள் மேடம்தான் தலைவி. அவர்களுக்கே அது மறந்துபோயிருந்தது. கீழே ஜெபராணியும் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் வந்து அவள் பெயரை மட்டும் அடித்துத் தரச் சொன்னாள். அடித்துக் கொடுத்தேன்.

நவம்பர் ஒன்பதாம் தேதி விசாரணை. நீ வா அக்கா. பழைய மாணவி ஒருத்தி வந்து நின்றால் போதும்.

உன் தங்கை,
சுப்பு

*

பெரியகுளம்
29.10.2004

கொழுந்தியாள் சுப்புத்தாய்க்கு,

மாமா விஜய்பாண்டி எழுதுவது. இறைவன் அருளால் இங்கு யாவரும் சுகம். நீயும் அவ்விதமே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் கடைக்கு வந்தது. குழந்தைக்கு ஊசி போட்டதில் காய்ச்சல். நாகஜோதி இருக்கிற நிலையில் அதை அவள் கையில் கொடுக்கவில்லை. கொடுக்கவும் போவதில்லை.

உன்னைக் கூடப்பிறந்த தங்கச்சியாக நினைத்து எழுதுகிறேன். வயசுப் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் நூறு பேச்சு வரும். மலைப்பாதையில் ஜீப் குலுங்கத்தான் செய்யும். ஒரு மனுஷனின் இருபது வருஷப் பெயரைக் கெடுக்க ஒரு தாள் போதும். உனக்கும் நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும்.

சார் சொல்லித்தான் உன் அக்காவைக் கட்டினேன். நீ எழுதியிருப்பது உண்மை என்றால், அவர் எனக்கு யாரைக் கட்டி வைத்தார்? இந்தக் கேள்வியை என் வீட்டுக்குள் கொண்டுவராதே.

இனி இது விஷயமாக எழுதுவதாக இருந்தால் எனக்கே எழுது. தீபாவளிக்கு உனக்கும் சித்திக்கும் துணி எடுத்து வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
வி.

*

பெண்கள் விடுதி
15.11.2004

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. பாப்பாவைப் பார்க்கத் தேவாரத்திலிருந்து வரும் பெரியம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் தருவாள். என் போன கடிதத்தை நீ பார்க்கவில்லை, மாமா எழுதியிருந்தார். கர்ணன் சார் மேல் நான் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணையில் முதல் அமர்வு முடிந்தது என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொள். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? எனக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் சரியில்லை.

சாராள் மேடம் கனிவாகத்தான் பேசினார்கள். காபி வரவழைத்தார்கள். பக்கத்தில் கணிதத் துறை சார் ஒருவர், எழுதுவதற்கு அலுவலகக் கண்காணிப்பாளர்.

"இந்த முறைங்கிறது யாரும்மா போட்டது?"

"நாங்களாத்தான் மேடம். எங்களுக்கு சீனியர் அக்காமாரு குடுத்தாக."

"சார் போடச் சொன்னாகளா?"

"இல்ல மேடம்."

"அப்ப இன்னைக்கு நீ, நாளைக்கு இன்னொருத்தின்னு நீங்களாப் பேசி வெச்சு ஏறியிருக்கீக."

"ஒருத்தி மேலயே விழக் கூடாதுன்னு மேடம்."

"விழும்னு தெரிஞ்சுதான ஏறுனீக? தெரிஞ்சே ஏறுனா அதுக்கு என்ன பேரு, நீயே சொல்லு."

கண்காணிப்பாளர் எழுதினார்: மாணவிகள் தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டு, விருப்பத்தின் பேரில் முன் இருக்கையில் அமர்ந்துள்ளனர். எழுதியதை அவரே வாசித்துக் காட்டினார். விருப்பம் என்று நான் சொல்லவில்லை என்றேன். "முறைன்னா விருப்பந்தானம்மா, கட்டாயத்துக்கு யாரு முறை போடுவா?" என்றார் கணித சார். நாங்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஒன்றே ஒன்று அதுதான் அக்கா. அதையே எடுத்து எங்கள் மேல் வைத்துவிட்டார்கள்.

சுருளியாண்டி அண்ணனைக் கூப்பிட்டார்கள். "நான் ரோட்டப் பாக்கவா, பக்கத்துல பாக்கவா மேடம்? வளைவு அப்பிடி. ஆனா ஒண்ணு, அந்த சீட்டுல இருந்து எந்தப் பிள்ளையும் சிரிச்சுக்கிட்டு எறங்கி நான் பாத்ததில்ல." கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு என்றார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிக்கொள்ளவில்லை.

ஜெபராணி, "எனக்கு ஞாபகமில்ல மேடம்" என்றாள். வெளியே வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திருவாகடி" என்று அழுதாள். நான் கையை உதறவில்லை.

கர்ணன் சார் கும்பிட்டபடி உள்ளே வந்தார். "இந்தப் பிள்ளையோட அக்காளுக்கு நான் அண்ணன் முறையில நின்னு மாலை போட்டவன் மேடம். அந்த வீட்ல போயி என்னப் பத்திக் கேளுங்க" என்றார். உன்னைத்தான் சாட்சியாக வைத்திருக்கிறார்.

அவர் போனதும் சாராள் மேடம் குரலைத் தாழ்த்தி, "ஒங்க அக்கா இங்கதான படிச்சாக? ஒரு பழைய மாணவி வந்து சொன்னாக்கூட எனக்கு ஒரு பிடி கிடைக்கும். இல்லன்னா ஒரு வகுப்புப் பிள்ளைக கோவத்துல சொல்றதாத்தான் முடியும்" என்றார்கள். டிசம்பர் இருபதாம் தேதி காலை அடுத்த அமர்வு வைத்திருக்கிறார்கள். அதுதான் கடைசி.

உனக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டாம். அதை நான் கேட்கவே மாட்டேன். முறை இருந்தது என்று மட்டும் சொல். உங்களுக்கும் முன்னால் இருந்தே இருந்தது என்று. அந்த ஒரு வரி போதும் எனக்கு.

வருவாய் என்று,
சுப்பு

*

பெரியகுளம்
2.1.2005

அன்புள்ள சுப்புவுக்கு,

இதை அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நாங்கள் இருக்கிறோம். கடலோரச் சுனாமிச் செய்திகளைக் கேட்டதிலிருந்து பாப்பாவை இடுப்பை விட்டு இறக்கவே மனம் வருவதில்லை. நம் ஊருக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று இவரிடம் நாலு தடவை கேட்டுவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இருபதாம் தேதி காலையில் சேலை கட்டினேன். பாப்பாவுக்குப் பால் புட்டி, மாற்றுத் துணி எல்லாம் பையில் எடுத்து வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போனேன். கல்லூரி வழியாகப் போகும் கம்பம் பஸ் வந்தது. கண்டக்டர்கூட, "ஏறும்மா, பிள்ளைய குடு, பிடிச்சுக்கிறேன்" என்றார். அப்புறம் திரும்பிவிட்டேன். ஏன் என்று எழுதத் தெரியவில்லை.

பாப்பாவுக்கு பிப்ரவரி இருபதாம் தேதி குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். நம் இரண்டு வீட்டிலும் ஆண் பிள்ளை இல்லை. என்ன செய்வது என்று பேச்சு வந்தது. "மாலை போட்டவருதான மடியும் தரணும்" என்றார் என் மாமியார். இவர் உடனே சாரிடம் சொல்லிவிட்டார். அவர் பட்டுப் பாவாடை எடுக்கப் போகிறாராம்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நீயும் சித்தியும் வர வேண்டும்.

அக்கா

*

சுருளிப்பட்டி
23.1.2005

அக்காவுக்கு,

அம்மா நலம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. விலாசத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும், வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முடிவு வந்தது. புகார் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் மாணவிகளின் பாதுகாப்பைக் கருதி, இனி மலைத்தோட்டத்துக்கு மாணவர்கள் மட்டும் போவார்கள். பெண்களுக்குக் கல்லூரிக்குள்ளேயே தொட்டிச் செடி. மலைத்தோட்டம் இருக்கிறது என்றுதான் நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். ஆய்வு போச்சு. "ஒன்னாலதான்டி எல்லாருக்கும் போச்சு" என்று வகுப்பில் பெண்களே பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கர்ணன் சார் அதே அறையில் அதே நாற்காலியில் இருக்கிறார். செய்முறைத் தேர்வுக்கு அவர்தான் மதிப்பெண் போட வேண்டும்.

மாற்றுச் சான்றிதழ் கேட்டேன். பல்கலைக்கழகத்துக்கு மேற்கொண்டு போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று போடுவதாகச் சொன்னார்கள். அப்பா பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டு நின்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காது குத்துக்கு நாங்கள் வரவில்லை. பாப்பா கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து உட்கார வை.

சுப்பு

*

தேவாரம்
6.3.2005

என் அன்புச் சுப்புவுக்கு,

அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். பாப்பா சுகம். மொட்டைத் தலையில் முடி முள்முள்ளாக வருகிறது. தடவினால் சிரிக்கிறாள். அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா சோறு போடும்போது மட்டும் பேசுகிறாள்.

முதலில் நீ ஆகஸ்டில் கேட்டதற்குப் பதில். இருந்தது. எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு யார் கொடுத்தார்களோ. எலுமிச்சம்பழம் மட்டும் நானாகக் கண்டுபிடித்தது. ஆரம்பத்தில் இரண்டொரு தடவை பலித்தது.

உன் போன கடிதத்தின் கடைசி வரியை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

கோயிலில் மொட்டை அடித்து, சந்தனம் பூசி, பட்டுப் பாவாடை கட்டியாயிற்று. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சார் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்து, மடியைத் தட்டி, "வாங்க மருமகளே" என்றார். பிஸ்கட் கொண்டுவருகிற ஆள் என்று பாப்பாவுக்கு அவரைத் தெரியும். என் இடுப்பிலிருந்து அவள் கை நீட்டித் தாவினாள் சுப்பு. தானாகவே தாவினாள். அவள் காலை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த மடி எனக்குத் தெரியும்" என்றேன். "எம் பிள்ள அதுல ஒக்கார வேணாம்."

சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. மேளம் நின்ற நேரமாகப் போய்விட்டது.

"ஏலே பாண்டி, ஒம் பொண்டாட்டி என்னலே சொல்றா?" என்றார் மாமியார்.

"ஜீப்புல முன் சீட்டு. ரெண்டு வருசம் எனக்கும் முறை வந்துச்சு அத்தை. சுப்பு சொன்னது பொய்யில்ல."

சார் எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டார். "பிள்ள பெத்த ஒடம்பு, அசதியா இருக்கும். நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க பாண்டி" என்றார். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பரிமாறியது என் வீட்டுக்காரர். பாப்பாவுக்குக் காது குத்தவில்லை.

திரும்பும்போது வேனில் இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடியே ஏன் சொல்லல?" சொல்லியிருந்தால் கட்டியிருப்பீர்களா என்று கேட்டேன். எட்டி டிரைவரிடம் ஏதோ சொன்னார். வேன் பெரியகுளம் போகவில்லை, தேவாரத்துக்குத் திரும்பியது. "கொஞ்ச நாள் இருந்துட்டு வா" என்று இறக்கிவிட்டார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

போன புதன்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். சாராள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம்கூடச் சொல்லாததை. கண் கலங்கிக் கேட்டார்கள். அப்புறம், "நீங்க டிசம்பர்ல வந்திருக்கணும்மா. புகார் குடுத்த பிள்ளையே மேல போக மாட்டேன்னு எழுதிக் குடுத்துருச்சு. கோப்ப மூடியாச்சு. இப்ப இத எதோட சேத்துக் கட்டுவேன்?" என்றார்கள்.

"நானே புதுசா புகார் குடுக்குறேன் மேடம்."

"நீங்க இப்ப இங்க படிக்கிற பிள்ளையும் இல்ல, வேலை பாக்குறவுகளும் இல்ல. குழு அந்த ரெண்டு பேருக்குத்தான்." பாப்பாவின் கன்னத்தைத் தொட்டு, "இன்னும் காது குத்தலையா?" என்று கேட்டார்கள்.

வெளியே வந்தபோது ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. பின்னால் பையன்கள். இந்தப் பக்கம் சுருளியாண்டி அண்ணன், அந்தப் பக்கம் அவர். நடுவில் ஒரு பெண். ஃபர்ஹீன் மேடம், தற்காலிக விரிவுரையாளராக ஜனவரியில் சேர்ந்தவர் என்று காவலாளி சொன்னார். மடியில் பையை இறுக்கி வைத்திருந்தாள். உன்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவளாக இருப்பாள். முறை மாற்றிக்கொள்ள அவளுக்கு ஆள் இல்லை சுப்பு. புதனும் அவள்தான், சனியும் அவள்தான். ஓடிப்போய் அந்தக் கதவைத் திறந்திருக்க வேண்டும். பாப்பாவை மாற்றிப் பிடிப்பதற்குள் வண்டி போய்விட்டது.

கல்லூரிக் குழு வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கே என் பெயரில் எழுதப்போகிறேன். ஒற்றைப் பெயராகப் போனால் புருஷன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டாவது பெயராக நீ இருப்பாயா? நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய், உனக்கு அதில் என்ன கேடு வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். நீ கேட்டபோது நான் வரவில்லை என்பதும் தெரியும்.

பதில் போடாவிட்டாலும் கோபப்பட மாட்டேன்.

அக்கா,
நாகஜோதி

*

சுருளிப்பட்டி
10.4.2005

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. எழுத மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். பாப்பாவின் தலையை எனக்காகத் தடவு.

டிசம்பர் இருபதாம் தேதி நான் அந்த வராந்தாவில் நின்று, வாசலில் வந்து நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். குழந்தையோடு யார் இறங்கினாலும் நீதான் என்று படி இறங்கினேன். இதைச் சொல்லாமல் வேறு எதையும் உனக்கு எழுத முடியாது, அதனால் சொல்லிவிட்டேன்.

ஏலத்தோட்டத்தில் காய்ந்த தண்டு கழிக்கும் கவாத்து வேலைக்குப் போகிறேன். "டிகிரி முடிச்ச பிள்ள அருவாளப் பிடிக்கிற அழகப் பாரு" என்று கேலி செய்கிறார்கள். விடியும்போதே ஜீப் வந்துவிடும். முன் சீட்டில் வயசான பொம்பளைகள்தான் ஏறுவார்கள். அங்கன யாருக்கும் முறை கிடையாது. பின்னால் நாங்கள் ஒருத்தி மடியில் ஒருத்தியாக அடைந்து கிடப்போம். நசுங்குவதோடு சரி.

நேற்று சனிக்கிழமை. செக்போஸ்டில் எங்கள் ஜீப்பை மறித்திருந்தார்கள். பக்கத்தில் கல்லூரி ஜீப் வந்து நின்றது. கர்ணன் சார் என்னைப் பார்த்தார். தலையில் துண்டு கட்டியிருந்ததால் அடையாளம் தெரிந்ததோ என்னவோ. சுருளியாண்டி அண்ணனுக்குத் தெரிந்தது, ரோட்டையே பார்த்துக்கொண்டார். நடுவில் நீ சொன்ன அந்த மேடம். எங்கள் வண்டியில் அக்கம்மாள் அத்தை என்று ஒருத்தி, அவளுக்கு எந்தக் கதையும் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏ ஆத்தா, ஒடம்பு சரியில்லையா? எறங்கி இங்கன வந்துரு, எடம் இருக்கு" என்று கத்தினாள். எங்கள் வண்டியில் ஒரு கோழி வைக்கக்கூட இடம் இல்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். கையில் எதையோ பொத்தி வைத்திருந்தாள். வண்டி நகரும்போது விரல் விலகியது.

எலுமிச்சம்பழம் அக்கா.

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவளும் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

தாளை அனுப்பு. என் பெயரை உன் பெயருக்குக் கீழே எழுதி அனுப்பு. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

சுப்புத்தாய்